கோப்பிக்கு ஊசி போட்ட நாள்

எங்கள் மாமா இடியாப்பம் விற்றார். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஒரு வண்டி, அதில் அடுப்பும் பெட்டியும், கைப்பிடியில் ஒரு ரப்பர் ஹாரன். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து அவர் ஹாரனை அமுக்கினால், வாடிக்கையாளர்களுக்கு முன்னால் ஓடி வருவது கோப்பிதான். காப்பி நிறத்தில் ஒரு பெட்டை நாய். மிச்ச இடியாப்பத்தில் வளர்ந்தது. என்னைக் கேட்டால் என் நாய். அம்மாவைக் கேட்டால் சனியன்.

எனக்கு எட்டு வயதானபோது வடக்குப் பக்கம் வெறிநாய்க்கடி நோய் பரவியது. தெருநாய்களைப் பிடிக்க லாரி வருகிறது என்றார்கள். ஊசி போட்டு, யார் பெயரிலாவது பதிந்து, கழுத்தில் வில்லை மாட்டினால் விட்டுவிடுவார்கள் என்று மாமா விசாரித்து வந்தார். நான் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தேன். இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமாவிடம் சொன்னார்:

"என் பேர்லயே எழுதுடா. ஊசி போடாம மட்டும் அத திரும்பக் கொண்டாராத."

என்ன கல்நெஞ்சம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் வியாபாரத்துக்கு லீவு. அடுப்பையும் பெட்டியையும் இறக்கிவிட்டு என்னையும் கோப்பியையும் மாமா ஏற்றினார். கயிறு கட்டிப் பழகாத நாய், வண்டி கிளம்பியதும் குதிக்கப் பார்த்தது. ஹாரன் அடித்தால் மட்டும் இடியாப்பம் வருமென்று சமர்த்தாக உட்கார்ந்தது. வேறு வழி? மாமா கிளினிக் வரைக்கும் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனார். வழியெல்லாம் ஜனங்கள் தட்டோடு வெளியே வந்தார்கள். ஓர் அக்கா சாலைக்கே வந்து மறித்துவிட்டார்.

"நாளைக்கு வரேன்க்கா. இன்னைக்கு இது ஒன்னுதான் இருக்கு லா" என்றார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஊசிக்குக் கோப்பி அசையவில்லை. மாமாதான் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தார். ஊசி வேலை செய்ய நான்கு வாரமாகும், அதுவரை கவனம், வருடாவருடம் மறுபடி போடவேண்டும் என்றார் டாக்டர். வில்லையோடு நாங்கள் திரும்பிய அழகை, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் ரதத்தைப் பார்ப்பதுபோல் மாடி மாடியாக நின்று பார்த்தார்கள்.

அந்த வாரமே லாரி வந்தது. இறங்கிய ஆள் கோப்பியின் கழுத்து வில்லையைத் திருப்பிப் படித்தார். எழுந்தார். போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நான் போட்ட கூச்சல் பசார் வரைக்கும் கேட்டிருக்கும்.

அம்மா மட்டும் கோப்பி இருக்கும் பக்கம் தம்பியை இறக்கிவிடவே இல்லை. தினமும் நாள்காட்டியில் ஒரு கோடு போட்டார். நாயை விரட்ட நாள் பார்க்கிறார் என்று மாமாவிடம் கோள் மூட்டினேன். அவர் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

இருபத்தெட்டாவது கோடு போட்ட மறுநாள் காலை, அம்மா கீழே வந்து தம்பியைத் தரையில் விட்டார். அவன் நேராகப் போய்க் கோப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அது அவன் முகம் முழுவதும் நக்கியது. அம்மா தடுக்கவில்லை, அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒருவழியாக அம்மாவுக்கும் நாயைப் பிடித்துவிட்டது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஊசி தம்பிக்குப் போட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.