டென்ட் வாசலில் நின்ற வண்டி

கமுதிப் பக்கத்து ராக்கப்பன் குவைத்தில் ஒரு வீட்டுக்குப் பல வருடமாக டிரைவர். வீட்டுக்காரரை பாபா என்பார், அவர் மனைவியை மேடம் என்பார். சித்திரையில் மகள் சந்தியாவுக்குக் கல்யாணம். லீவு கேட்டார்.

"தேர்தல் முடியட்டும்" என்றார் பாபா. பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருந்தது. தேர்தலில் நின்றது அவருடைய பெரியப்பா மகன்.

நோன்பு திறந்ததும் மேடத்தையும் மகள் ஹிஃப்ஸாவையும் பெரியப்பா மகனின் பிரசார டென்ட்டுக்குக் கூட்டிப்போவது ராக்கப்பனின் டூட்டி. இருவரும் முன்வாசலில் இறங்குவார்கள். பின்வாசல் வழியாக வெளியே வந்து ஹிஃப்ஸாவுடைய தோழியின் காரில் ஏறி, எதிர்த்து நின்ற கல்லூரி ஆசிரியையின் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்பது பாபாவின் போனில் தெரியும். அதனால் வண்டி டென்ட் வாசலிலேயே நின்றது. ராக்கப்பன் டென்ட்டில் கொடுத்த கோதுமையும் கறியும் போட்ட கஞ்சியைக் குடித்தார்.

பக்கத்து வண்டி டிரைவர் தொண்டி கௌஸ் முகம்மது கேட்டார், "ஒங்க மேடமும் பின்வாசலா?"

"நமக்கெதுக்கு பாய்? அந்தக் கிண்ணத்த இங்கிட்டுத் தள்ளுங்க."

வாசலை அடைத்து நின்ற வண்டிகளைப் பார்த்து, பெண்கள் ஓட்டு மொத்தமும் நமக்குத்தான் என்று வேட்பாளரின் ஆட்கள் முடிவுகட்டினார்கள். அங்கே ஆண்களும் பெண்களும் ஓட்டுப் போடுவது தனித்தனிப் பள்ளிக்கூடங்களில். பெண்கள் பள்ளிக்கூடங்களில் ஓட்டு விழாமல் அவர் தோற்றுப்போனார்.

வீட்டுச் சமையல்காரி வசந்தகுமாரி சொன்னாள், "உள்ளதச் சொல்லிருங்கண்ணே. பாபா லீவு குடுத்துருவாரு."

"சொன்னா மேடம் என்னைய இங்க இருக்க விடுமா?"

பாபா கூப்பிட்டார். "அவங்கள எங்க கூட்டிட்டுப் போன?"

"வண்டி டென்ட் வாசல்லதான் நின்னுச்சு, பாபா."

பாபா போனைப் பார்த்தார். அங்கேதான் நின்றிருந்தது.

சாயங்காலம் தோற்றவரிடமிருந்து தகவல் வந்தது. டென்ட்டுக்கு வந்த பெண்கள் எங்கே போனார்கள் என்று வீடு வீடாக டிரைவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறாராம். பாபா எழுந்து பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார்.

"யல்லா, ராக்கப்பன். இன்னைக்கே ஊருக்குக் கெளம்பு."

ஒரு மாதம் கேட்டவருக்கு இரண்டு மாதம் கிடைத்தது.

ஊரிலும் அப்போது தேர்தல். வாக்காளர் பட்டியலிலிருந்து ராக்கப்பன் பெயர் எப்போதோ போய்விட்டது. மனைவி கனகாவை பைக்கில் கொண்டுபோய் ஓட்டுச்சாவடியில் இறக்கிவிட்டு வாசலில் நின்றார். அவள் விரல் மையோடு வந்து ஏறினாள்.

"யாருக்குப் போட்டேன்னு கேக்கலையே?"

"கேட்டாச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

வண்டியை எடுத்தார்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் கௌஸ் முகம்மது போன் செய்தார். "பார்லிமென்ட்டக் கலைச்சுட்டாங்க. இப்போதைக்கு ஓட்டெல்லாம் மாஃபி, கெடையாது."

"அந்த விசாரணை?"

"ஓட்டே இல்லைங்கிறப்ப என்னத்த விசாரிக்க? ஒங்க பாபாவும் தோத்தவரும் ஒண்ணா ஒக்காந்து டீ குடிக்கிறாங்க. கெளம்பி வாங்க."

ராக்கப்பன் டிக்கெட் போடச் சொன்னார்.