மூன்று ஆண்டாகத் தொடாத கோப்புகள்

எதிர்க்கடைக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். அலோர் காஜாவில் எங்கள் அச்சகத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் சர்வர், ஒரு பேனரைத் திறக்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. புதிதாகத் திறந்த எதிர்க்கடையிலோ அச்சு இயந்திரம் ஓயாமல் ஓடியது. பாதி ஆயுளைக் கணினி முன்னால் கழித்த ஐம்பது வயதுக்காரன் நான், பாசாருக்கு ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சர்வர் தலையில் வைத்தேன்.

எங்களிடம் வடிவமைப்பு வேலை பார்க்கும் பெண், நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஜூஸ் போடப் போறீங்களா?"

"பாதுகாப்புக்கு."

"டிஸ்க் ஃபுல்லுனு சிவப்புல காட்டுது லா. பழத்துக்குத்தான் படிக்கத் தெரியாது, உங்களுக்குமா?"

சர்வரின் வட்டில் துளி இடமில்லை. மறுநாள் காலை கோயில் திருவிழாவுக்குப் பேனர்கள் போயாக வேண்டும். எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் போவது மூளைதான்.

பேனர் மட்டுமல்ல எங்கள் தொழில். தமிழ் நாளிதழுக்கு நினைவஞ்சலி விளம்பரமும் செய்து அனுப்புவோம். குடும்பங்கள் ஆண்டுதோறும் வரும். "போன வருசம் மாதிரியே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போகும். விளம்பரம் வெளியானதும் அதை அழித்துவிட்டு, இறந்தவரின் படத்தை மட்டும் வைத்திருப்போம். பெம்பான் பக்கத்திலிருந்து ஒரு லாரிக்கார அண்ணன் வருவார். மகள் பதினான்கு வயதில் டெங்கியில் போய்விட்டாள். இருந்தது ஒரே ஒரு வகுப்புப் படம். அதிலிருந்து அவளை வெட்டியெடுத்து, பக்கத்துப் பிள்ளையின் தோளை அழித்துக் கொடுத்தது நான்தான். பிறகு வீட்டிலிருந்த படத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் கேட்பார்:

"தம்பி, பாப்பா பத்திரமா இருக்கா?"

"இருக்காண்ணே. எங்க போகப் போறா?"

அன்றைக்குத் தங்கச்சி, "எது பெருசுன்னு பாத்து அழிங்கண்ணே" என்றுதான் சொன்னாள். நான் அதி புத்திசாலி அல்லவா? மூன்று ஆண்டாக யாரும் மாற்றாத கோப்புகளைத் தேடும்படி கணினியிடம் சொன்னேன். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கொஞ்சம் இடம் கிடைத்தது. "செய்வினை போச்சு!" என்று கத்திவிட்டு, புதுப் பேனர்களை அங்கேயே சேமித்தேன்.

நினைவஞ்சலிப் படத்தை ஆண்டுக்கொரு முறை திறப்போம், விளம்பரத்தில் வைப்போம், மூடுவோம். அதில் மாற்ற எதுவும் இருக்காது. இதை நினைத்துப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதுவும் லாரிக்கார அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. பழைய நினைவஞ்சலிப் படங்கள் இருந்த கோப்புறை காலி.

"சர்வர் கொஞ்சம் ஸ்லோண்ணே, நாளைக்கு வாங்க" என்று பொய் சொன்னேன்.

டுரியான் துங்காலிலிருந்து கணினி பழுது பார்ப்பவரை வரவழைத்தோம். பாதி நாள் தோண்டினார்.

"அழிச்ச எடத்து மேலயே புதுசா எழுதிட்டீங்க பாஸ். பேக்கப் டிஸ்க் எங்க?"

தங்கச்சி சுவரைக் காட்டினாள். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்காக அந்த வட்டின் பிளக்கைப் பல மாதங்களுக்கு முன்பே நான் பிடுங்கியிருந்தேன். அவள் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

மறுநாள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்களா, இல்ல பாப்பா மட்டுமா?"

"பழைய ஆளுங்க எல்லாரும்தாண்ணே."

"அப்ப நீ வேணும்னு செய்யல."

அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம். வகுப்புப் படம் கேட்டுப் பள்ளிக்குப் போனோம். பள்ளி இடம் மாறியபோதே பழைய படங்கள் போய்விட்டன என்றார்கள். நாளிதழ் அலுவலகத்திலும் பழைய விளம்பரக் கோப்புகளை வைத்திருப்பதில்லையாம். பர்ஸில் மடித்து வைத்திருந்த போன ஆண்டு நாளிதழ்த் துண்டை அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் முகம் முழுக்கப் புள்ளி, மடிப்பு விழுந்த இடத்தில் மூக்கே இல்லை. பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஒரு மூக்கு வரைந்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தார்.

"அவளுக்கு அவங்கம்மா மூக்கு தம்பி. இது வேற யாரோ."

"இன்னொரு வாட்டி பாக்கறேண்ணே."

"வேணாம் லா. விடு."

வட்டை நிரப்பியது என் பேனர்கள்தான். ஒவ்வொன்றையும் 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்று பத்துப் பதினைந்து நகல்களாக வைத்திருந்தேன். நான் அழித்த படங்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு பேனரின் பாதி இடத்தைக்கூடப் பிடித்திருக்கவில்லை. அந்த ஆண்டு நாளிதழில் அவள் பெயரும் மறைந்த நாளும் மட்டும் வந்தன. படம் வரவில்லை.