புளி போட்டு மினுக்கிய மணி

2005ஆம் ஆண்டு, நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு ஒரு கிழமை இருக்கும். கனடாவில், மொன்றியலின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், தண்ணீரைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய வீட்டில் நடந்தது இது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே துப்புரவு வேலைக்குப் போவேன். மெற்றோவில் ஏறி, பிறகு பஸ் பிடித்து, போய்ச் சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனாலும் அந்த வீட்டு அம்மாவுக்காக மூன்று வருடம் போனேன்.

அவருக்கு எண்பத்தைந்து வயது. இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்து, யுத்தம் முடிந்த கையோடு கலியாணம் கட்டி இங்கே வந்தவர். கணவர் இங்கேயே விவசாயக் கல்லூரியில் படிப்பித்தவர், காலமாகிவிட்டார். நான் வேலை முடித்ததும் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஊர்க்கதை தொடங்குவார். ஒரு கோயில், ஒரு குளம், மா அரைக்கிற ஆலை, சின்னப் பள்ளிக்கூடம், கொஞ்ச வீடுகள். அவ்வளவுதான் ஊர். கதை மட்டும் முடியவே முடியாது.

கதைக்கும்போது மடியில் ஒரு கைமணி இருக்கும். தோல் பிடி வைத்த வெண்கல மணி, அடுப்புச் சட்டி மாதிரிக் கறுத்துக் கிடக்கும். அது அவருடைய தகப்பனாரின் மணி. நத்தாருக்கு முதல் நாள் ஐந்து ஆண்கள் ஆளுக்கொரு மணியோடு, சேறு மிதித்து, வீடு வீடாகப் போய்ப் பாட்டு அடிப்பார்களாம். ஒரு மணிக்கு ஒரு சுரம். கொல்லர், ஆலைக்காரர், வாத்தியார், இவருடைய தகப்பனார். ஐந்தாவது ஆள் எங்கிருந்தோ கூலி வேலைக்கு வந்து ஊரிலேயே தங்கிவிட்ட தனிக்கட்டை.

அந்த மனிதர் ஒரு வருடம் காய்ச்சலில் செத்துப்போனார். அந்த நத்தாருக்கும் மற்ற நாலு பேர் வழமைபோலப் போனார்களாம். அவருடைய சுரம் வருகிற இடங்களில் மட்டும் ஒருவரும் அடிக்காமல் பொறுத்து நின்று, பிறகு தொடர்ந்தார்களாம். அம்மா அதை மேசையில் விரலால் தட்டிக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கூலிக்காரருக்கு உறவென்று ஒருவரும் இல்லை, குழியின் மேல் ஒரு கல்கூட இல்லை என்றும் சொன்னார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் மூடிய பிறகு, அதிலே ஊரின் பழைய படங்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். மணியையும் கேட்டு எழுதியிருந்தார்கள். நத்தார் முடிய அம்மாவின் பெறாமகள், தங்கச்சியின் மகள், வந்து கொண்டுபோவதாக ஏற்பாடு.

ஐயோ, இவ்வளவு பெருமையான மணி இந்தக் கோலத்திலா ஊருக்குப் போவது! எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நத்தார் என்றால் குத்துவிளக்கு, மெழுகுதிரித் தண்டு எல்லாம் பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கியே ஆகவேண்டும். துறைமுகப் பக்கம் பண்டகசாலையில் வேலை செய்யும் என் கணவருக்கு அது எப்போதும் பகிடி. அன்றும் நான் புளி உருண்டையைப் பையில் வைப்பதைக் கண்டுவிட்டார்.

"உமக்கு இது ஒரு வருத்தம், மருந்தில்லாத வருத்தம். ஒரு நாளைக்கு என்ரை மொட்டையையும் புளி போட்டு மினுக்கப் போறீர்."

"உங்கடை மொட்டை ஏற்கெனவே மினுங்குது, பேசாமல் வேலைக்குப் போங்கோ," என்றேன்.

அம்மா கதிரையில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மணியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். வெளியே தேய்த்தேன். உள்ளே அதைவிடக் கறுப்பு, கம்பி நார் போட்டு உரஞ்சினேன். பொன் மாதிரி வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

அம்மா கண் விழித்தார். மணியைக் கையில் எடுத்தவர் முதலில் உள்ளேதான் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது.

"பெயர்கள் எங்கே?" என்று கேட்டார்.

மணியின் உள்பக்கத்தில் தகப்பனார் ஐந்து பேரின் பெயரையும், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில், மையால் எழுதி வைத்திருந்தாராம். ஊரார் மணியைக் கேட்டதே அதற்காகத்தான். வேறெங்கும் அந்தப் பெயர்கள் ஒன்றாக இல்லை. பெயர்களை அம்மா வாயால் சொல்லித்தான் கேட்டிருக்கிறேனே தவிர, உள்ளே எழுதியிருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எல்லாம் புளித்தண்ணீரோடு போய்விட்டது.

ஏசியிருந்தால் பரவாயில்லை. பென்சிலும் தாளும்தான் கேட்டார். நாலு பெயரை எழுதினார். ஐந்தாவது வரவில்லை. எத்தனை தரம் எனக்குச் சொன்ன பெயர்! நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அவரைத் தெரிந்த கடைசி ஆள் நான். நானும் மறந்துவிட்டேன்," என்று குழந்தை மாதிரி அழுதார்.

அந்த ஆங்கிலப் பெயர் எனக்கும் அந்த நேரம் நாவில் வரவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. ஓடிப்போய் என் கைப்பையிலிருந்து செபப்புத்தகத்தை எடுத்தேன். கார்த்திகை மாதம் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் இறந்தவர்களுக்குப் பூசை நடக்கும். நாங்கள் ஒவ்வொரு வீட்டாரும் எங்கள் ஆட்களின் பெயரை எழுதிக் கொடுப்போம். என் அப்பா, அம்மா, தம்பி என்று எழுதி, செபிக்க ஒருவரும் இல்லாத மனிதர்தானே என்று அந்த ஐந்தாவது பெயரையும் இரண்டு வருடமாகக் கீழே சேர்த்திருந்தேன். அந்தத் தாளின் பிரதி புத்தகத்துக்குள்ளே இருந்தது, தமிழில். வாசித்தேன்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

ஐந்து பெயரையும் ஒரு மட்டையில் எழுதி மணியின் பிடியில் கட்டினார். ஐந்தாவது பெயரை நான் தமிழிலும் எழுதவேண்டும் என்று பிடிவாதம். அங்கே யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "இரண்டு வருடம் நீதானே வைத்திருந்தாய், அதுவும் அங்கே இருக்கட்டும்," என்றார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் என் பையிலிருந்த மிச்சப் புளியை எடுத்துக் குசினியில் வைத்தார். பிறகு, "இனிப் புளியைக் கறிக்கு மட்டும் வையும்," என்றார்.

இரண்டு வருடம் கழித்து அம்மாவும் போய்விட்டார். ஒவ்வொரு கார்த்திகையும் எங்கள் தாளில் அந்தக் கூலிக்காரரின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரையும் எழுதுகிறேன். எங்கள் பங்கில் யாரென்று ஒருவரும் கேட்டதில்லை. பூசை வைக்கும் சுவாமி பெயர்களை வாசித்துக்கொண்டு போகும்போது அவர்கள் இருவரின் பெயருக்கும் காத்திருக்கிறேன். அழித்த கையாலேயே எழுதி வைக்கவும் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று அப்போதெல்லாம் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறேன்.