மாப்பிள்ளைக்கு எதிரே நின்ற முத்தண்ணன்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சியிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக முதலில் என் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பாள். அன்று கேட்கவில்லை. "செல்வி, அண்ணன் போயிட்டாருடீ. சாயா வேணும்னாரு. போட்டுக் கொண்டுபோறதுக்குள்ள..." என்று நிறுத்தினாள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மட்டாஞ்சேரியில் கால்பந்து பார்த்தவர்களுக்குச் சுடலைமுத்து யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பஜார் பிரதர்ஸ் கிளப்பின் ஸ்டாப்பர் பேக். எதிரணிக்காரன் எல்லோரையும் தாண்டி வந்துவிட்டால், கோல் காக்கிற கோலிக்கு முன்னால் கடைசியாக நிற்கிற ஆள். பதினான்கு வருஷம் அந்த இடத்தில் வேறு யாரும் நின்றதில்லை. நகரசபையில் சாக்கடை சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. அந்த வேலைக்காகவே அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தார். மலையாளிகளுக்கு அவர் முத்துச்சேட்டன், எங்களுக்கு முத்தண்ணன். பேச்சி அவருடைய ஒரே தங்கை, என் சிநேகிதி.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் பந்தலில் நம் பழைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தலையும் நரைத்துவிட்டது. ஆனால் பேச்சு மாறவில்லை. நம் டீமில் யார் ரொம்ப உரமான ஆள் என்று அங்கேயும் தொடங்கிவிட்டார்கள். "அந்தோணி ஜுரத்தோட களிச்சவனாக்கும்" என்றார் ஒருவர். களிச்சவன் என்றால் ஆடியவன். "பாவா விரல் ஒடிஞ்சும் போஸ்ட்ட விட்டு நகரலியே" என்றார் இன்னொருவர். துக்க வீட்டில் வழக்காட வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தோணியும் இல்லை, பாவாவும் இல்லை. முத்தண்ணன்தான்.

என் தையல் கடை மைதானத்துக்கு எதிரே இருந்தது. அப்போது எனக்குப் பந்தில் எந்த ஈடுபாடும் கிடையாது. சத்தம் ஒரு தொல்லை, அவ்வளவுதான். ஒரு மழை நாள் இடைவேளையில் முத்தண்ணன் சேறு சொட்டச் சொட்டக் கடைக்குள் வந்தார். பனியன் கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்திருந்தது. மாற்று இல்லை. கழற்றித் தரச் சொன்னேன். "நேரமில்ல, போட்டபடியே தை" என்று முதுகைக் காட்டி நின்றார். அவசரத்தில் ஊசி இரண்டு இடத்தில் அவர் தோளில் ஏறிவிட்டது. நான்தான் பதறினேன். "வலியெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். நீ தை, விசில் அடிக்கப் போறான்" என்றார். என் தையல் பிரிகிறதா என்று பார்க்கத்தான் வாசலில் வந்து நின்றேன். ஆட்டம் முடியும்வரை உள்ளே போகவில்லை. அன்றைக்கு என் மிஷினில் இருந்த ஜாக்கெட் மறுநாள்தான் முடிந்தது.

அவரை முரடர் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆளைத் தள்ளுவது, சட்டையைப் பிடிப்பது, முழங்கையால் இடிப்பது எதுவும் அவரிடம் கிடையாது. பாய்வார், பந்தோடு எழுவார். எதிரே வந்தவன் தானாக விழுந்திருப்பான். "ஆளு போனா போட்டும் செல்வி, பந்து நிக்கணும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

ஒருமுறை எறணாகுளத்தில் ஓர் ஆட்டம். கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் அவருடைய வேலையைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. சாக்கடை அள்ளுகிறவன் கிட்டே வருகிறான், மூக்கைப் பொத்து என்று ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பந்து அவர்கள் பக்கம்தான் போயிருந்தது. அதை உள்ளே எறிவதற்காக முத்தண்ணன் அங்கே போனார். கூட்டத்தில் ஒருவன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றான். முத்தண்ணன் மலையாளத்தில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்: "ஆமா, அது நான்தான். காலைல உங்க தெருவுக்கு வந்தாலும் அந்த வேலையச் சரியாத்தான் செய்வேன். இப்ப எனக்கு இங்க வேலை இருக்கு. பந்தக் குடு." குரல் உயரவில்லை. பந்து வந்தது.

இனி அந்த ஃபைனலைப் பற்றி. நம்மவர்களில் பலருக்கு அதில் பாதிதான் தெரியும்.

பேச்சிக்கு இடக்கொச்சியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெயர் கணேசன், ஐஸ் கம்பெனியில் வேலை, நம்மைப்போல் தமிழ்க் குடும்பம். நல்ல பையன். ஒரே ஒரு குறை, இடக்கொச்சி டீமின் சென்டர் ஃபார்வர்டு அவன்தான். பரிசம் போட்டு, கல்யாணத் தேதியும் குறித்தாகிவிட்டது. அந்த வருஷம் டோர்னமென்டில் நாமும் ஃபைனலுக்கு வந்தோம், அவர்களும் வந்தார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

மைதானத்தில் கணேசனைத் தடுக்க வேண்டியவர் முத்தண்ணன். யோசித்துப் பாருங்கள். கணேசனின் அப்பா வீட்டுக்கே வந்து, "தம்பி, இந்த ஒரு ஆட்டம் நீங்க உக்காந்துக்கிட்டா நல்லாருக்கும். புள்ள கால்ல ஏதாச்சும் பட்டுட்டா மணவறைக்கு நொண்டிக்கிட்டா வருவான்?" என்று கேட்டார். முத்தண்ணனின் அம்மா பின்னால் நின்று கண்ணைத் துடைத்தாள். அவர் போனதும் கிளப் செக்ரட்டரி ஹம்சாக்கா (ஹம்சா இக்கா; இக்கா என்றால் அண்ணன்) வந்து, முத்து இல்லாமல் ஃபைனலுக்குப் போவதும் கோல் போஸ்டைத் திறந்துவிட்டுப் போவதும் ஒன்றுதான் என்றார். முத்தண்ணன் நேராக என் கடைக்கு வந்தார். பேச்சி கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, நீ சொல்லு. விளையாடட்டுமா, வேண்டாமா?"

பேச்சி கையைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "நீங்க ஒதுங்கிக் குடுத்துதான் அவுக ஜெயிச்சாகன்னு ஊரு சொன்னா, அது அவுகளுக்குத்தான் அசிங்கம். விளையாடுங்க. ஆனா பந்த மட்டும்."

"நான் எப்பவும் பந்த மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனசு அப்போது எப்படி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். சிநேகிதியின் கல்யாணத்தைவிடக் கப்புதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளை என்று பார்த்து அவர் கால் தயங்கிவிடுமோ என்பதுதான் என் பயம்.

தயங்கவில்லை. முதல் பாதியில் கணேசன் நாலு முறை பந்தோடு வந்தான், நாலு முறையும் பந்து இல்லாமல் நின்றான். ஒவ்வொரு முறையும் கூட்டம் "அளியா! அளியா!" என்று கத்திச் சிரித்தது. அளியன் என்றால் மச்சான். ஆயிரம் ஆண்களுக்கு நடுவே ஒரு குடைக்குள் நானும் பேச்சியும். எந்தப் பக்கம் கத்துவது என்று தெரியாமல் அவள் வாயை முந்தானையால் மூடியிருந்தாள். அவளுக்கும் சேர்த்து நான் கத்தினேன்.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. உயர வந்த பந்தைக் கணேசன் காலைத் தூக்கி அடிக்கப் போக, முத்தண்ணன் தலையைக் கொடுத்தார். பூட்ஸ் வாயில் விழுந்தது. முன் பல் இரண்டு போயிற்று. கணேசன் தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். முத்தண்ணன் எழுந்து, தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துத் துப்பினார், ஒரு துணியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றார். வெளியே வரச் சொல்லி ஹம்சாக்கா கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை.

அதன்பிறகு கணேசன் எங்கோ ஓர் ஓரத்தில் நடமாடிக்கொண்டிருந்தான். பந்து வந்தால் தட்டிவிட்டு ஒதுங்கினான். கொஞ்ச நேரத்தில் முத்தண்ணன் அவனிடம் போய், வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு ஏதோ சொன்னதை எல்லோரும் பார்த்தோம். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம்கூட இருக்காது. கணேசன் நடுவில் புகுந்து வந்தான், முத்தண்ணனைத் தாண்டினான், முன்னால் ஓடி வந்த நம் கோலி பாவாவின் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளினான். அந்த ஒரே கோலில் கப்பு இடக்கொச்சிக்குப் போயிற்று.

மறுநாள் பஜார் முழுக்க ஒரே பேச்சு. முத்து கப்பைச் சீதனமாகக் கொடுத்துவிட்டான். இரண்டு பேரும் பேசியதை நாங்கள் கண்ணால் பார்த்தோமே! கல்யாணப் பந்தல் போடுவதாக ஏற்றிருந்த கிளப் பையன்கள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஹம்சாக்கா வீட்டுக்கே போய்க் கேட்டார்: "முத்தே, ஆளுங்க பலதும் பறயுது. நீ ஒரு வாக்கு சொல்லு." வீங்கிய வாயோடு முத்தண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "தோத்துட்டோம் இக்கா. அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

நான் அவர்களைவிட மோசம். பேச்சி ஜாக்கெட் வாங்க வந்தபோது, "உங்க அண்ணன் நல்ல சீர்தான் குடுத்துட்டாரு" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் ஜாக்கெட்டை வாங்காமல் திரும்பிப் போனாள். அன்றைக்கு நான் தைத்தது எதுவும் நேராக வரவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் கணேசன் மட்டாஞ்சேரிக்கு வந்தான், தனியாக. என் கடைக்கு அடுத்த சாயாக்கடையில்தான் நம் ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். எதிர் டீம்காரன், அதுவும் கோல் அடித்தவன், அங்கே வந்து நின்றான். நான் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"எல்லாரும் கேக்கணும்" என்றான். "அவரு பல்லு போனதும் எனக்குக் கை கால் ஓடல. ஒதுங்கிட்டேன். நான் ஒதுங்கினதாலதான் உங்க டீமு மேல ஏறிக்கிட்டு இருந்துச்சு. அப்ப அவரு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'மாப்பிள்ள, என்னப் பாத்து பயந்து நிக்கிறீங்களே, என் தங்கச்சி அங்க நின்னு அதப் பாத்துக்கிட்டு இருக்கா. வாங்க, வந்து விளையாடுங்க. நான் விடமாட்டேன், முடிஞ்சாத் தாண்டுங்க'ன்னாரு. அதுக்கப்புறந்தான் நான் உள்ள வந்தேன். விட்டுக் குடுத்தது நானு. அவரு இல்ல."

ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த கோலி பாவா கிளாஸைக் கீழே வைத்தார். "ஞான் முன்னால ஓடி வந்தது தெற்று. போஸ்ட்ல நின்னிருந்தா பிடிச்சிருப்பேன். நாலு நாளா சொல்லணும்னு இருந்தேன், நாக்கு எழும்பல" என்றார். தெற்று என்றால் தப்பு. பாவா தன் தப்பை ஒப்புக்கொண்டு அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் பந்தல் கால் நட ஆள் வந்துவிட்டது. நான் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பேச்சி வீட்டுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் வாங்கிப் போட்டுப் பார்த்து, "கை இறுக்கமா இருக்குடீ" என்றாள். எங்கள் சண்டை அத்தோடு தீர்ந்தது. முத்தண்ணனிடம் மன்னிப்பு என்று வாயெடுத்தேன். "அன்னைக்குக் கிரவுண்டுல நீ கத்தினது என் காதுல விழுந்துச்சு செல்வி. அப்படிக் கத்துறவங்களுக்குத்தான் கோவமும் வரும். வராதவங்க எதுக்கு பந்து பாக்க வர்றாங்க?" என்றார். கல்யாணத்துக்கு இரண்டு டீமும் வந்தன. பொக்கை வாயோடு பெண்ணின் அண்ணன் சிரிக்கிற படம் பேச்சி வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஆறேழு வருஷம் அளியனும் அளியனும் மைதானத்தில் மோதினார்கள். கணேசன் அவரைத் தாண்டியது மொத்தமாக மூன்று முறை. ஞாயிற்றுக்கிழமைக் கப்பைக்கிழங்கும் மீனும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவரைத் தூக்கிய நாலு தோள்களில் கணேசனின் தோளும் ஒன்று.

முத்தண்ணனின் கடைசி ஆட்டம் எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில். முழங்கால் போய்விட்டது, துணி சுற்றி ஆடினார். எதிரணி ஏலூர்ப் பக்கத்து ஃபாக்டரி டீம், எல்லோரும் இளவட்டங்கள். மூன்று கோல் வாங்கியிருந்தோம். மழையும் வலுத்தது. நாங்கள் குடையை விரித்து ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டோம். நான் கோட்டு ஓரத்திலிருந்து நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. ஆட்டக்காரர்களிடம் இல்லை, எங்களிடம்.

"எங்க போறீங்க? இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு. நாங்க இன்னும் இங்கதான் நிக்கிறோம்!"

ஹம்சாக்கா முதலில் திரும்பினார், பிறகு நான், பிறகு எல்லோரும். கோல் எதுவும் நாம் அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் நாலாவது கோலும் விழவில்லை. அந்த முழங்காலோடு அவர் யாரையும் உள்ளே விடவில்லை. விசில் அடித்ததும் எங்களைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு மைதானத்தைவிட்டு வெளியே போனார். அதன்பிறகு ஆடவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பத்து நிமிஷத்தை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும், இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், சொந்தக்காரர்கள் வந்து பார்த்து ஒவ்வொருவராகப் போன பிறகும், நான் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. யாரும் எனக்குத் தைரியம் சொல்லத் தேவை இருக்கவில்லை. முடிகிறவரை நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். முத்தண்ணன் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.