மூளைக்கு ஜோடி தேடிய வேலை

மூளையைப் படம் பிடிக்க ஆள் சேர்த்துக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். கல்யாணத் தரகருக்காவது பந்தியில் ஒரு இலை உண்டு, எங்களுக்கு அதுவும் கிடையாது. ஏதாவது ஒன்றுக்கு ஆள் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்து உட்கார்ந்த சமயம். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் சூளையில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்போதுதான் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். மூளையில் ஒரு பகுதியும் இன்னொரு பகுதியும் எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்குமாம். சூளைச் சூட்டிலும் தூசியிலும் கிடந்தவர்களுக்கு அந்தப் பேச்சு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சூளைக்காரர்கள் ஒரு கூட்டம், சூளைப் பக்கமே போகாதவர்கள் ஒரு கூட்டம். இரண்டுக்கும் ஆள் பிடிப்பது நான்.

முதல் ஆளாக என் பெயரையே கொடுத்தேன். காரணம் என் சகலை. என் மகள் கல்யாணப் பந்தியில், ஊரே கேட்க, "சூளையில வெந்த மூள, அவருக்கு என்னா தெரியும்?" என்றவர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. என் மூளைப் படம் வரட்டும், அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன் என்று இருந்தேன்.

நல்ல சரக்கு

கீறல் விட்ட கோப்பையை நல்ல கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்போம். மூளையும் அப்படித்தான் என்று நினைத்து, சூளைக்குப் போகாதவர்கள் கூட்டத்துக்கு வாத்தியார்கள், பேங்க்காரர்கள், ஒரு வக்கீல் என்று பொறுக்கி எடுத்துக் கூட்டிப் போனேன். சூளைக் கூட்டத்திலோ என்னையும் சேர்த்துப் பாதிப்பேருக்குக் கையெழுத்துப் போடவே வியர்க்கும். பாராட்டு வரும் என்று முன்னால் போய் நின்றேன். டாக்டரம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். "அய்யா, நாளைக்கு வித்தியாசம்னு ஒண்ணு வந்தா, அது சூளையாலயா படிப்பாலயான்னு நான் யாரப் போயி கேக்கறது?"

கம்மாபுரத்துக்காரர்

அதன் பிறகு சூளைக்காரர் ஒவ்வொருவருக்கும் அதே வயது, அதே படிப்பு, வலக்கையா இடக்கையா என்பதுகூட அதே மாதிரி உள்ள ஜோடி தேட வேண்டியதாயிற்று. விருத்தாசலத்தில் சூளையில் ஒரு நாளாவது நிற்காத ஆளைத் தேடுவது லேசில்லை. கம்மாபுரத்துப் பக்கம் வயல்காரர்களைக் கேட்டுப் போனேன். ஒரு பெரியவர் டிவிஎஸ் வண்டியை நிறுத்தி, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெய்வேலி சொரங்கத்துக்குன்னு நெலத்தத்தான் கேட்டு வந்தாங்க, இப்ப மண்டைக்குள்ள இருக்கறதுக்கும் ஆளு அனுப்பிட்டாங்களா?"

வேன் புறப்பட்ட நேரம்

டீசலை மிச்சம் பிடித்துக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று எனக்கு ஒரு யோசனை. ராத்திரி ஷிப்டு முடிந்து சூளைக்காரர்கள் வெளியே வரும் வாசலிலேயே வேனை நிறுத்தி, அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி போனேன். வயல்காரர்களை மட்டும் இன்னொரு நாள், குளித்துச் சாப்பிட்ட பிறகு, சாவகாசமாக அழைத்துப் போனேன்.

ஸ்கேன் மிஷினுக்குள் கண்ணைத் திறந்தபடி சும்மா படுத்திருக்க வேண்டும். வயல்காரர்கள் படுத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் அத்தனை சத்தத்திலும் குறட்டை விட்டார்கள். அவ்வளவு படமும் வீண். டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "சூளைக்காரரையும் வயல்காரரையும் ஒப்பிடலாம்னு வந்தேன், நீங்க தூங்கறவரையும் முழிச்சிருக்கறவரையும் கொண்டாந்து வுட்டுட்டீங்க."

என் முறை

"தலைய அசைக்காதீங்க, எதையும் குறிப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி என்னை உள்ளே தள்ளினார்கள். நினைக்காதே என்றால் எனக்கு ஒரே முகம்தான் வரும். சகலை பந்தியில் உட்கார்ந்து வடையைக் கடித்தபடி சொன்னது, அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அதற்கெல்லாம் தலையும் ஆடி, திரும்பத் திரும்ப எடுத்தும் படம் கலைந்துதான் வந்தது. கடைசியில் ஸ்கேன் எடுக்கும் தம்பி என்னை வெளியே இழுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். "அய்யா, உள்ள யாரோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

கடைசி ஜோடி

ஒருவழியாக என் படம் நன்றாக வந்தது. ஆனால் எனக்கு ஜோடி இல்லை. என் வயதில், மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவர், சூளை பார்க்காதவர் ஒருவர் வராவிட்டால் என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார் டாக்டரம்மா. வீட்டில் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "எல்லாம் பொருந்தி வர்றாப்பல சேத்தியாத்தோப்புல எங்க தங்கச்சி வூட்டுக்காரரு இருக்காரே" என்றாள். இரண்டு நாள் வேறு ஆள் தேடிப் பார்த்தேன்.

போனேன். சகலை வீட்டு வாசலிலேயே நின்று, வந்த விஷயத்தை நெல் மூட்டைகளைப் பார்த்துச் சொன்னேன். சகலை சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பாண்டிச்சேரியில் மிஷினுக்குள் கல் மாதிரி கிடந்தார். அதற்கும் எனக்குக் கோபம்.

அவர் வெளியே வந்ததும் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், எங்கள் இருவரில் யாருடையது நல்ல மூளை என்று. "அப்பிடி ஆளுக்கு ஆள் தரம் பிரிக்கறது இல்லீங்க. இந்தக் கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் பொதுவா வித்தியாசம் இருக்குதான்னுதான் பாக்கறோம். உங்க ஒருத்தரு படத்த வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே சீட்டுதான் காலியாக இருந்தது, இருவர் உட்காரும் சீட்டு. நெய்வேலி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்த சகலை திரும்பினார். "உங்கள உங்க ஆளுங்களோட கலந்துட்டாங்க, என்ன எங்க ஆளுங்களோட கலந்துட்டாங்க. நம்ம வெவகாரத்த இனிமே நாமளேதான் பாத்துக்கணும் போல, சகல."

ஆக, ஊரிலுள்ள மூளைகளையெல்லாம் வேனில் ஏற்றி இறக்கியதில் எனக்கு மிஞ்சியது, அதுவரை பேசாமல் போட்ட சண்டையை இப்போது பேசிக்கொண்டே போடும் வசதி ஒன்றுதான்.