எலுமிச்சம்பழத்தில் ஏறாத சக்கரம்

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்த வருடம், மலேசியாவில் பத்து காஜா டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய தோட்டத்தில் நடந்தது இது. மாமனார் காலமானபின் எட்டு வருடம் கொட்டகையில் கிடந்த அவருடைய மோட்டார் சைக்கிளை ஓட வைக்கிறேன் என்று மனைவியிடம் வாய்விட்டுவிட்டேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கால் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. பிரேக்கைத் தொட்டால் வண்டி மூக்குக் குப்புற அமுங்கியது. ஈப்போவில் ஆயில் சீலும் ஸ்பிரிங்கும் வாங்கி வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே பிரித்துப் பூட்டினேன். கைவேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய பிறகு அதன் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவேன். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று கணக்கு.

வேலை முடிந்த மறுநாள் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் காம்பார் வரை போவதாகத் திட்டம்.

"முனியாண்டி கோயில்ல எலுமிச்சம்பழத்துல ஏத்திட்டுதான் ரோட்டுக்கு எடுக்கணும். அப்பா அப்படித்தான் செய்வாரு" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சண்டைக்குப் பயந்து வேலை முடிந்த அன்று மாலையே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள்; முனியாண்டி மட்டும் தனியாக நிற்கிறார். மாலை ஐந்து மணி இருக்கும். ஆள் அரவமே இல்லை. ஆனால் யாரோ வைத்த சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு மட்டைகூட அசையவில்லை.

மனைவி கற்பூரம் காட்டிவிட்டு முன்சக்கரத்தடியில் பழத்தை வைத்தாள். தள்ளினேன். சக்கரம் பழத்தைத் தொட்டது. மெல்ல ஒதுங்கிப் பக்கத்தில் இறங்கியது. பழம் அப்படியே கிடந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடியும் ஒதுங்கியது. மூன்றாவது தடவை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே தள்ளினேன். என் கையில் கைப்பிடி நேராக இருந்தது. சக்கரம் மட்டும் தானாகத் திரும்பியது.

"ஏங்க, வேணாம்லா. நாம போறது அப்பாவுக்குப் பிடிக்கல." அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருலா" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் நான்காவது தடவை தள்ளவில்லை.

குனிந்து, ஃபோர்க் கால்களைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தொட்டேன். விரலுக்கே சுழன்றன. அவை தளர்ந்தால் கைப்பிடி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இரண்டின் தலையிலும் என் வெள்ளைக் கோடு.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். காம்பார் சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்தச் சக்கரம் திரும்பியிருந்தால்? பின்னால் உட்கார்ந்திருக்கப்போவது இவள்தானே! வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

தடுத்தது அப்பாதான் என்கிறாள் மனைவி. தளர்ந்த போல்ட்தான் என்கிறேன் நான், அவ்வளவு சத்தமாக அல்ல. ஆனால் அந்த இரண்டு போல்ட்டையும் முறுக்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மணிக்கட்டு வலித்ததுகூட. செய்யாத வேலையை இவ்வளவு தெளிவாக ஞாபகம் வைத்திருக்கும் இந்த மனத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.