மாப்பிள்ளை வாங்கிய திட்டு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு லாரியில் ஊர் சுற்றுகிறவன் நான். ஒருமுறை கடலூரில் சரக்கு இறக்கிவிட்டு, சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ராணுவக் கணினிகளுக்குள் அந்நியர் நுழையாமல் காக்கும் இன்ஜினியர். அவர் குளிக்கப் போன நேரத்தில், திறந்திருந்த ஆபீஸ் லேப்டாப்பில் என் போனைச் சொருகிச் சார்ஜ் போட்டேன். திரை உடனே பூட்டிக்கொண்டது. பயந்து, போனையும் வயரையும் பையில் திணித்தேன்.

சற்று நேரத்தில் ஆபீஸிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.

"மச்சான், இதுல எதனா சொருகுனீங்களா?"

"நான் எதுக்கு மாப்ள அதத் தொடப்போறேன்?"

என் பையிலிருந்து வயர் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "தெறந்து போட்டுட்டுப் போனது என் தப்புதான் சார்" என்றார் போனில்.

அந்த வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.

"பொறுப்பில்லாத மனுஷன்ண்ணா இவரு" என்று தங்கை இன்றும் என் எதிரிலேயே திட்டுகிறாள். அவர் சிரிக்கிறார். நான் குனிந்து, அவள் போட்ட சோற்றைத் தின்கிறேன்.